சாப்பாட்டு மேசை வந்த வழி

பழைய கிரேக்கத்தில் சாப்பாட்டு மேசை என்பது ஒரே ஆள் தூக்கிக்கொண்டு வரக்கூடிய சாமான். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் மட்பாண்டங்களில் தீட்டியிருக்கும் விருந்துக் காட்சிகளைப் பார்த்தால் தெரியும். ஆண்கள் சாய்வுக் கட்டிலில் இடது முழங்கையை ஊன்றிப் படுத்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னால் குட்டையாக ஒரு மேசை, அதன்மேல் ரொட்டியும் கறித்துண்டும். தின்று முடித்ததும் மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அல்லது கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகுதான் மது வரும், பேச்சு வரும். அந்த மேசைகளுக்குப் பெரும்பாலும் மூன்றே கால். மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும். நான்காவது கால் வந்தால்தான் அடியில் அட்டையை மடித்துச் செருகும் தொல்லையும் கூடவே வருகிறது.

இன்று நம் ஹாலில் ஆறு நாற்காலிகளோடு அசையாமல் நிற்கும் டைனிங் டேபிளைப் பார்த்தால், ஆதிகாலம் தொட்டே மனிதர்கள் இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் சாப்பாட்டுக்கென்றே ஓர் அறையில் நிரந்தரமாக நிற்கும் பெரிய மேசைக்கு வயது முந்நூறைத் தாண்டுவது அபூர்வம். அதற்கு முந்தைய மேசைகள் பெரும்பாலும் விரித்தவை, மடித்தவை, ஓரம் கட்டியவை. அது நடுவீட்டில் கால் ஊன்றியதற்குப் பின்னால் ஒரு வரிச்சலுகை இருக்கிறது, அடிமை உழைப்பு இருக்கிறது. அதன் இன்றைய வடிவங்களுக்குப் பின்னால் மின்சாரக் காப்புத் தகடும் பால் வற்றிய ரப்பர் மரமும்கூட இருக்கின்றன.

கிரேக்கர்களிடமிருந்து படுத்துச் சாப்பிடும் பழக்கத்தை எடுத்துக்கொண்ட ரோமானியர்கள், மேசையை மட்டும் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றினார்கள். மூன்று கட்டில்கள், கட்டிலுக்கு மூன்று பேர், நடுவில் பொதுவாக ஒரு மேசை. ஒன்பது பேருக்கு மேல் போனால் அது விருந்தாக இராது, கூட்டமாகிவிடும் என்பது கணக்கு. நடுவில் வந்ததும் மேசைக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. இன்றைய மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்து அட்லஸ் மலைகளில் வளரும் ஒருவகை ஊசியிலை மரத்தின் அடிவேர் முடிச்சை அறுத்தால் சுழிசுழியாகக் கோலம் தெரியும். புலிக்கோடு போட்டது ஒரு ரகம், சிறுத்தைப்புள்ளி விழுந்தது ஒரு ரகம் என்று பெயர் வைத்துத் தரம் பிரித்தார்கள். அதில் ஒரு மேசைக்குப் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ 5 லட்சம் செஸ்டர்ஷஸ் நாணயம் கொடுத்தார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். சீசர் காலத்துப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900. ஐந்நூறு வீரர்களை ஓராண்டு வைத்துச் சோறு போட ஆகும் பணத்தை ஒரு பலகையில் போட்டிருக்கிறார் அந்தப் பேச்சாளர். முத்துக்கு ஆசைப்படுகிறாயே என்று கணவன் மனைவியைக் கடிந்தால், உன் மேசைப் பைத்தியத்துக்கு என்ன பதில் என்று அவள் திருப்பிக் கேட்பாளாம். எளிய வாழ்வைப் போதித்த தத்துவஞானி செனெகாவிடம், தந்தக்கால் வைத்த அதே மர மேசைகள் ஐந்நூறு இருந்தன என்று பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டயோ போட்டுடைக்கிறார். பகையில் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் ருசியான வம்பு.

ரோமில் மேசைப் பைத்தியம் பிடித்திருந்த அதே நூற்றாண்டுகளில், சீனர்கள் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு தாழ்ந்த பலகையில் தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ஹான் பேரரசர் லிங்குக்கு வடமேற்கு அந்நியர்களின் பொருள்கள்மேல் மோகம். அவர்களுடைய உடை, இசை, நடனம் ஆகியவற்றோடு, குதிரைக்காரர்கள் பயன்படுத்திய மடக்கு முக்காலியும் அரண்மனைக்குள் வந்தது. பிறகு பௌத்தத் துறவிகள் வழியாக உயர்ந்த இருக்கைகள் பரவின. உட்காரும் இடம் உயர்ந்தால் சாப்பிடும் பலகையும் உயர்ந்துதானே ஆகவேண்டும்? தாங் வம்சத்தில் தொடங்கிய இந்த ஏற்றம் சோங் காலத்தில் முடிந்தது. 12ஆம் நூற்றாண்டில் சாங் செதுவான் தீட்டிய நீண்ட ஓவியச்சுருளில் தலைநகர உணவுக்கடைகளில் உயரமான மேசைகளும் பெஞ்சுகளும் வரிசையாக நிற்கின்றன. மேசை உயர்ந்து அகன்றதும் ஆளுக்கொரு தட்டு என்பது போய், நடுவில் வைத்த பாத்திரத்திலிருந்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடும் பழக்கம் வேரூன்றியது. சீனச் சாப்பாடு என்றதும் நாம் நினைக்கும் அந்தக் காட்சி, மடக்கு முக்காலியின் மீது ஒரு பேரரசருக்கு வந்த ஆசையில் தொடங்கியது என்று கொஞ்சம் இழுத்துச் சொல்லலாம்.

ஐரோப்பாவில் ரோமப் பேரரசு சரிந்தபின் படுத்துச் சாப்பிடுவது ஒழிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் பிரபுவின் கோட்டையில் பெரிய கூடம் ஒன்றுதான். பகலில் வழக்கு விசாரணை, இரவில் ஆட்கள் படுக்கை, நடுவே சாப்பாடு, எல்லாம் அங்கேதான். நிரந்தர மேசைக்கு இடமேது? சாப்பாட்டு நேரத்துக்குத் தாங்கிக்கால்களைக் கொண்டுவந்து நிறுத்தி, மேலே நீளப் பலகைகளைப் போட்டு, துணி விரிப்பார்கள். முடிந்ததும் அத்தனையும் சுவரோரம் போய்விடும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பென்ஷர்ஸ்ட் மாளிகையின் 1341ஆம் ஆண்டுக் கூடத்தில் 15ஆம் நூற்றாண்டின் இப்படிப்பட்ட மேசைகள் இன்றும் கிடக்கின்றன. விருந்தாளிகள் ஒரு பக்கம் மட்டும் உட்காருவார்கள், எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர்களுக்கு. டாவின்சி மிலான் நகர மடத்தின் உணவுக்கூடச் சுவரில் 1490களில் தீட்டிய 'கடைசி இராவுணவு' ஓவியத்தில் பன்னிரண்டு சீடர்களும் இயேசுவும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருப்பதில் விசித்திரமே இல்லை. அந்த மடத்துத் துறவிகள் தினமும் பார்த்த மேசை அது. துணிக்கு அடியில் தாங்கிக்கால்கள்கூடத் தெரியும். 1652இல் அதே சுவரில் கதவு வைக்க இடித்தபோது போனவை இயேசுவின் பாதங்கள்.

இந்த ஏற்பாட்டை எங்கோ பார்த்த ஞாபகம் வருகிறதா? நம் கல்யாண மண்டபத்துப் பந்திதான். இரும்புத் தாங்கிமேல் நீளப் பலகை, அதன்மேல் சரசரவென்று உருட்டி விரிக்கும் பேப்பர் ரோல், வரிசையாக இலை, ஒரு பக்கம் சாப்பிடுகிறவர்கள், எதிர்ப்பக்கம் சாம்பார் வாளியோடு ஓடுகிறவர்கள். பந்தி எழுந்ததும் இலையும் பேப்பரும் ஒரே சுருட்டில் போய்விடும், மேசைகளும் ராத்திரிக்குள் மடங்கிவிடும். யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. நிறையப் பேருக்குச் சீக்கிரம் பரிமாறவேண்டும், பிறகு இடம் காலியாகவேண்டும் என்றால் தச்சு வேலை எங்கேயும் இதே விடைக்குத்தான் வந்து சேரும்.

எங்கே உட்காருவது என்ற சண்டையும் எங்கும் ஒன்றுதான். ஐரோப்பியக் கூடங்களில் பிரபுவுக்கு மேடைமேல் தனி மேசை. கீழ் மேசைகளில் தகுதி இறங்க இறங்க இடமும் தள்ளிப்போகும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஆசிரியர்களின் உயர்மேசை இன்னும் இருக்கிறது. நம் பக்கத்தில் மேசையே இல்லாமல் தரையிலேயே இந்தக் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் தமிழக அரசியலையே புரட்டிப்போட்டது நமக்குத் தெரியும்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு ஆட்கள் கூட்டத்தோடு சாப்பிடுவது அலுத்துவிட்டது. சின்ன அறைகளுக்குள் ஒதுங்கினார்கள். அறை சுருங்கியதும் தச்சர்கள் தந்திரம் செய்யவேண்டி வந்தது. அடியில் ஒளிந்திருக்கும் பலகைகளை இருபுறமும் வெளியே இழுத்தால் நீளம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் மேசை நெதர்லாந்துப் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. பக்கவாட்டுப் பலகை கீழே தொங்கி, தேவைப்படும்போது கேட் மாதிரித் திறக்கும் காலின்மேல் ஏறி நிற்கும் மேசையும் அப்போது பிரபலமானது. இன்றைக்கு ஆன்லைன் கடைகளில் 'ஸ்பேஸ் சேவிங்' என்று புதுமைபோல விற்கும் ரகங்களில் பாதி இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள்.

மேசை நடுவீட்டில் நிரந்தரமாக நின்றதற்குக் காரணம் 1721ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டம். அதற்குச் சாப்பாட்டோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. கப்பற்படைக்கு மரம் வேண்டும், அதற்காக அமெரிக்கக் கண்டத்துக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரி கிடையாது என்றார்கள். அந்த ஓட்டை வழியாக ஜமைக்கா மகோகனி கொட்டியது. ஆசாரிகளுக்கு அதுவரை கிடைத்த ஓக், வால்நட் பலகைகள் குறுகலானவை. மகோகனியோ ஒட்டுப்போடாமலே ஒரு மேசைக்குப் போதுமான அகலத்தில் கிடைத்தது. சுலபத்தில் வளையாது, பூச்சி அரிக்காது, மெருகேற்றினால் மெழுகுவத்தி வெளிச்சம் அதில் பளபளக்கும். விருந்தின் கடைசிக் கட்டத்தில் மேசைத் துணியை உருவிவிட்டு, வெறும் மரத்தின்மேல் பழமும் மதுவும் வைப்பது இங்கிலாந்தில் நாகரிகமானது. மரத்தைக் காட்டவேண்டும் என்ற ஆசை வந்த பிறகு அதை மடித்து மூலையில் சாத்த யாருக்கு மனம் வரும்?

அந்தப் பளபளப்பின் மறுமுனையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஜமைக்காவில் எளிதாகக் கிடைத்த மரங்கள் தீர்ந்ததும் வெட்டுவேலை ஹோண்டுராஸ் வளைகுடாப் பக்கம், இன்றைய பெலிஸ் நாட்டுக்கு நகர்ந்தது. வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். கும்பலில் மிக அனுபவசாலியான ஒருவர் 'வேட்டைக்காரர்'. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அவர் காட்டின் மிக உயர்ந்த மரமொன்றில் ஏறி, பச்சைக் கடலில் எங்கெங்கே இலை செம்மஞ்சளாக மாறியிருக்கிறது என்று பார்ப்பார். அதுதான் மகோகனி. ஒன்றிலிருந்து இன்னொன்று வெகுதொலைவில் தனித்தனியாக நிற்கும் மரம் அது. வெட்டியபின் வறண்ட மாதங்களுக்குக் காத்திருந்து, வெயிலுக்கு மாடுகள் தாங்காது என்பதால் நடு இரவில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு இழுத்துப் போவார்கள். மழை வந்து ஆறு பெருகியதும் கட்டைகள் கடலுக்கு மிதந்து போகும். இன்றைய பெலிஸ் கொடியில் ஒரு மகோகனி மரமும், கருவிகளோடு இரண்டு மரத்தொழிலாளிகளும் இருக்கிறார்கள். லண்டன் சாப்பாட்டறையில் துணியை உருவியவர்கள் யாரும் பார்க்காத காட்சியை ஒரு நாடு தன் கொடியில் வைத்துக்கொண்டது. அதே மரம் 1795இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கும் வந்தது. இப்போது தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் வரப்போரம் மகோகனிக் கன்று நட்டு, பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

மேசை அறையில் நிரந்தரமானதும் அரசர்களுக்கு வேறொரு கவலை வந்தது. மேசையைச் சுற்றி நிற்கும் வேலையாட்களின் காதுகள். பீட்டர்ஹாஃபில் ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1720களில் கட்டிய சிறு மாளிகையில் பதினான்கு பேருக்கான மேசையின் நடுப்பகுதி கயிறும் கப்பியும் கொண்டு கீழே சமையல் பகுதிக்கு இறங்கி, உணவோடு மேலே வரும். பிரான்சின் பதினைந்தாம் லூயி ஷுவாசி மாளிகையில் அதே வித்தையைச் செய்துகாட்டினார். பவேரியாவின் இரண்டாம் லுட்விக் 19ஆம் நூற்றாண்டில் லிண்டர்ஹோஃப் அரண்மனையில் இதை அமைத்தது, தனியாகச் சாப்பிட. தனியாகத்தான் உட்காருவார். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கும் சேர்த்து நாலைந்து பேர் சாப்பாடு மேலே வரும் என்பார்கள்.

வியாபாரிகளும் நடுத்தர வர்க்கமும் இத்தனை தூரம் போகவில்லை. அவர்களுக்குத் தினமும் நாலு பேர், கிறிஸ்துமஸுக்குப் பதினாறு பேர். இந்தக் கணக்கைத் தீர்த்தவர் லங்காஸ்டர் ஊர்த் தச்சுக் குடும்பத்து ரிச்சர்ட் கில்லோ. மேற்கிந்தியத் தீவுகளோடு கப்பல் வணிகம் செய்த குடும்பம் அது, மகோகனி அவர்களுக்குக் கைக்கெட்டிய சரக்கு. 1800இல் அவர் காப்புரிமை வாங்கிய மேசை தொலைநோக்கிக் குழாய்போல ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் சட்டங்களால் ஆனது. இழுத்து, நடுவில் பலகைகளைச் செருகினால் போதும். 1835இல் லண்டன்காரர் ராபர்ட் ஜூப் இன்னும் ஒரு படி மேலே போனார். அடையை எட்டாகக் கீறியதுபோல வட்ட மேசையின் மேற்பலகை பிரிந்திருக்கும். பிடித்துச் சுழற்றினால் துண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே நகரும். இடைவெளிகளில் பலகை வைத்தால் அதே வட்டம், பெரிய வட்டம். இன்றும் சொகுசுப் படகுகளுக்கு இந்த வகை மேசையை நவீன இயந்திரங்களோடு செய்து கொள்ளை விலைக்கு விற்கிறார்கள்.

வட்ட மேசை வீட்டுக்குள் நுழைவது சாதாரண விஷயமில்லை என்பதற்கு ஜேன் ஆஸ்டின் சாட்சி. 1815 இறுதியில் வெளிவந்த 'எம்மா' நாவலில், நாற்பது ஆண்டுகளாகச் சின்ன மடக்கு மேசையில் நெருக்கியடித்துச் சாப்பிட்டுப் பழகிய தந்தையைப் பெரிய வட்ட மேசைக்கு மாற்ற மகள் எம்மாவால் மட்டுமே முடிகிறது. அப்பாவைச் சம்மதிக்கவைத்துப் புதுச்சாமான் வாங்குவது எவ்வளவு பெரிய ராஜதந்திரம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலேயர்களோடு இந்த மேசை சென்னைக்கும் வந்து பங்களாக்களில் நின்றது. தமிழ் வீடுகள் வெகுகாலம் அதை வாசலோடு நிறுத்தின. செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மா தேக்கு வந்தது, பெல்ஜியம் கண்ணாடி வந்தது, இத்தாலியச் சலவைக்கல்லும் வந்தது. சாப்பாடு மட்டும் நீளக் கூடத்தில் தரையில் பந்தியாகவே நடந்தது. இதில் பழைமைவாதம் மட்டுமில்லை, நல்ல காரணமும் உண்டு. எச்சில்பட்ட இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்தாகவேண்டும் என்பது நம் ஆசாரம். தரையைக் கழுவிவிடலாம், மெருகேற்றிய மரத்தில் தண்ணீர் விட்டால் பாழ். துடைத்தாலும் கறைபடாத மேற்பரப்பு ஒன்று வரும்வரை மேசைக்கு இங்கே வேலை இல்லை. ஓட்டல்காரர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். அதனால்தான் நம் பழைய மெஸ்களில் சலவைக்கல் பலகை, கடப்பைக்கல் பலகை.

ஜப்பானில் மேசை வேறு பாதையில் வந்தது. அங்கே ஆளுக்கொரு சிறு பெட்டி. மூடியைத் திருப்பிப் போட்டால் சாப்பாட்டுப் பலகை, உள்ளே அவரவர் கிண்ணமும் குச்சிகளும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கத்தியப் பாதிப்பால் மடக்குக்கால் வைத்த தாழ்வான வட்ட மேசை வந்தது, குடும்பம் முதன்முறையாக ஒரே பலகையைச் சுற்றி உட்கார்ந்தது. சாப்பாடு முடிந்ததும் காலை மடக்கிச் சுவரில் சாத்தி, அதே இடத்தில் மெத்தையை விரித்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம். சாப்பிடும் இடமும் தூங்கும் இடமும் வேறாக இருக்கவேண்டும் என்று கட்டடக் கலைஞர்கள் வற்புறுத்தி, 1951இல் சமையற்கட்டிலேயே சாப்பிடும் மாதிரி வீட்டை வரைந்தார்கள். 1955இல் தொடங்கிய வீட்டுவசதிக் கழகம் அதைப் பெருமளவில் கட்டியது. மக்களிடம் உயர்ந்த மேசை கிடையாதே, பழையபடி அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவார்களே என்று பயந்து, ஆரம்பகாலக் குடியிருப்புகளில் மேசையையும் வீட்டோடு சேர்த்தே கொடுத்தார்கள். சமையற்கட்டு ஓரம் நாலுபேர் மேசை என்ற நம் அபார்ட்மென்ட் வழக்கமும் இதே கணக்கின் விளைவுதான்.

சீன ஓட்டல்களின் சுழலும் மேசைக் கதையில் ஒரு மருத்துவரும் வருகிறார். பினாங்கில் 1879இல் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த வூ லியென்-தே, 1910-11 மஞ்சூரியக் கொள்ளைநோயைத் துணி முகக்கவசம் கொண்டு எதிர்த்தவர். எல்லார் குச்சிகளும் ஒரே பாத்திரத்தில் விழுவது அவரை உறுத்தியது. நடுவில் சுழலும் தட்டு, பாத்திரத்துக்கொரு பொதுக் கரண்டி என்று 1915இல் யோசனை சொன்னார். சுழலும் தட்டு மேற்கே ஏற்கெனவே இருந்த சாமான்தான். ஆனாலும் அது சீன உணவின் அடையாளமானது வெகு பிந்தி, 1950களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுனில். அங்கே 1953இல் திறந்த ஜானி கானின் உணவகமும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து பரப்பினார்கள். அமெரிக்காவிலிருந்து ஹாங்காங், தைவான் வழியாகப் போய், கடைசியில் சீனப் பாரம்பரியம் என்று பெயர் எடுத்துவிட்டது.

நம் வீட்டுக்கு மேசையைக் கொண்டுவந்த அந்தக் கறைபடாத மேற்பரப்பு, மின்சாரத் தொழிலில் பிறந்தது. 1912இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலைசெய்த ஓகானரும் ஃபேபரும் மின்காப்புக்கு மைக்காவுக்குப் பதிலாக ஒன்று தேடி, பிசினில் தோய்த்த தாள்களையும் துணியையும் அழுத்திப் பலகையாக்கினார்கள். 1913இல் ஃபார்மைக்கா கம்பெனி பிறந்தது. பிறகு மேல்தாளில் மரக்கோடும் சலவைக்கல் கோலமும் அச்சிட்டதும் அது உணவகங்களிலும் சமையலறைகளிலும் ஏறியது. சூடான டம்ளர் வைத்தாலும் ரசம் கொட்டினாலும் ஒரு துடைப்பில் போய்விடும். நம் ஊர் ஆசாரிகள் வாயில் அது 'சன்மைக்கா'. இந்த மெல்லிய தகடு இல்லையென்றால் நம் ஹாலில் டைனிங் டேபிள் இன்னும் பல ஆண்டுகள் தாமதமாகியிருக்கும் என்பது என் துணிபு.

1950களில் இரண்டு வடிவமைப்பாளர்கள் மேசைக்காலோடு மல்லுக்கு நின்றார்கள். ஃபின்லாந்தில் பிறந்த ஈரோ சாரினன், மேசைக்கும் நாற்காலிகளுக்கும் அடியில் காடாக மண்டும் கால்களைச் சகிக்கமுடியாமல், 1957இல் பூத்தண்டு போன்ற ஒற்றைக்கால் மேசையைக் கொண்டுவந்தார். நால் என்ற பர்னிச்சர் நிறுவனம் விற்றது, உலகமே காப்பியடித்தது. சுவீடனில் ஐகியாவின் கில்லிஸ் லுண்ட்கிரென் 1956இல் மூன்றுகால் மேசையொன்றைக் காருக்குள் ஏற்றப் பார்த்தார், ஏறவில்லை. கால்களைக் கழற்றிவிட்டு ஏற்றினார். பிரித்து அட்டைப்பெட்டியில் விற்கும் வியாபாரத்துக்கு அந்தக் கழற்றல்தான் தொடக்கம் என்று அந்நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. தோனே என்ற வியன்னாக்காரர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கழற்றிய நாற்காலிகளை ஒரு கன மீட்டர் பெட்டிக்கு 36 வீதம் கப்பலேற்றியவர் என்பதை அது அவ்வளவாகச் சொல்வதில்லை.

இன்று நம் ஊர் பர்னிச்சர் கடையில் நடுத்தர விலையில் நிற்கும் 'மலேசியன் டைனிங் செட்'டின் மரம், 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து அள்ளிவந்த 70,000 ரப்பர் விதைகளின் வாரிசு. லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அங்கே தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் எடுக்கும் அளவுக்குத் தோட்டக்காரர்களை ரப்பர் நடச்சொல்லித் துரத்தினார். பின்னே மலாயா முழுக்க ரப்பர் எஸ்டேட். விடியுமுன் எழுந்து, பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள்.

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் வற்றிய மரத்தை வெட்டி விறகாக எரித்தார்கள். மேசை செய்ய லாயக்கில்லை என்று எண்ணியதற்குக் காரணம் உண்டு. அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களில் பூஞ்சை நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்துவிடும். கோலாலம்பூர் அருகே கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிலையம் இதற்கு வழி கண்டது. அறுத்த கையோடு போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் காயவைக்கவேண்டும். வெப்பமண்டலக் காடுகளை வெட்டாதே என்று உலகம் கூச்சலிடத் தொடங்கிய 1980களில், தோட்டத்தில் எப்படியும் வெட்டித்தான் ஆகவேண்டிய மரம் என்ற நற்பெயரோடு ரப்பர்மரம் சந்தைக்கு வந்தது. ஜொகூரின் மூவார் ஊர் பர்னிச்சர் நகரமானது. உங்கள் வீட்டு மேசையும் அந்த ரகமா என்று பார்க்கக் குனிந்து அடிப்பலகையைப் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளைச் சீப்புப் பல் மாதிரி வெட்டி ஒன்றோடொன்று கோத்த கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். தமிழர்கள் பால் வெட்டிய மரம் தமிழ் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசையாக வந்துசேர நூறு ஆண்டு ஆகியிருக்கிறது.

இத்தனை பயணத்துக்குப் பின் கடைக்குப் போய் நிற்கும் நமக்கு, பழைய தச்சர்களின் கணக்கே போதும். ஒருவர் கை இடிக்காமல் சாப்பிட மேசை விளிம்பில் இரண்டடி வேண்டும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க, மேசைக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி. மேசையின் உயரம் 30 அங்குலம், நாற்காலி 18. சதுரமான சின்ன ஹாலா, நாலடி விட்டத்தில் ஒற்றைக்கால் வட்ட மேசை. கால் இடிக்காது, ஐந்தாவதாக ஒருவர் வந்தாலும் நுழைத்துக்கொள்ளலாம். ரயில்பெட்டி போன்ற நீள ஹாலில் ஓரம் சேர்த்த செவ்வக மேசையும் ஒரு பக்கம் பெஞ்சும். வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் பக்கப்பலகை தொங்கும் மடக்கு மேசையைத் தாண்டி யோசிக்கவேண்டாம். தீபாவளிக்கு மட்டும் பன்னிரண்டு பேர் வரும் வீட்டுக்கு எட்டுபேர் மேசை வீண்செலவு. நாலுபேர் மேசையும் ஒரு பாயும் போதும், பிள்ளைகள் எப்படியும் தரையில்தான் உட்காருவார்கள். அசையாத ஆறுபேர் மேசையை வருஷம் முழுவதும் நியாயப்படுத்த, தினமும் ஆறுபேர் சேர்ந்து சாப்பிடும் வீடு வேண்டும்.

வாங்குவதற்கு முந்தைய நாள் ஹால் தரையில் கோலமாவால் மேசையின் அளவை வரைந்து, நாற்காலிகளுக்கும் இடம் விட்டு, ஒருநாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். இடித்துக்கொண்டால் ஒரு சைஸ் குறையுங்கள். கடைக்குக் கிளம்பும் முன் வாசல் கதவின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து எழுதி எடுத்துப் போங்கள். கால் கழற்றமுடியுமா என்று கடைக்காரரிடம் கேட்கவும் மறக்காதீர்கள்.